பன்னிரண்டு மைலுக்கு அந்தப் பக்கம்

கடலை நான் இதுவரை இரண்டே முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று கேட்டபடியே நின்றிருந்தேன். கூட வந்தவர்களுக்கு ஒரே எரிச்சல். நான் என்ன செய்ய? எந்த இடத்துக்குப் போனாலும் எல்லைக்கல் எங்கே என்று முதலில் கண் தேடும். அது தொழில் புத்தி. அங்கே கண் போய்க்கொண்டே இருந்தது, நிற்க ஓர் இடமில்லை.

ஜெயங்கொண்டத்தில் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, குத்தகை எல்லாம் என் கையால் எழுதியாகிவிட்டது. இன்னார் முந்திரித் தோப்புக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு என்று நாலு எல்லை எழுதி எழுதி, கோயிலில் சாமி கும்பிடும்போதும் எந்தத் திசை பார்த்து நிற்கிறேன் என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. தாத்தா காலத்துப் பத்திரத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டி, “அக்கா, படிச்சுச் சொல்லுங்க” என்பார்கள். படித்துச் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் சொல்லி ஒன்று தப்பாகப் போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் நான். அப்பா அம்மா போன பிறகு நானும் தம்பியும் மட்டும் இருந்தோம், அப்புறம் அவன் மனைவி வந்தாள். தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு, பெரம்பலூர்ப் பக்கம் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் சில காலம் இருந்தான். பிறகு வளைகுடாவுக்குப் போனான். ஏசி வேலை என்றுதான் கூட்டிப்போனார்கள். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் மீன்பிடிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். பிடித்த மீனை உறைய வைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை.

“கப்பலாடா? ஒனக்கு நீச்சலே தெரியாதேடா” என்றேன்.

“மெஷின் ரூம்ல எதுக்குக்கா நீச்சலு? அதுவும் நம்ம அரியலூரே ஒரு காலத்துல கடல்தானே. சுண்ணாம்புக் கல்ல ஒடச்சா உள்ள சிப்பி இருக்குல்ல. நான் சொந்த ஊருக்குப் போறேன்னு நெனச்சுக்க.”

“வாயில நல்லதே வராதா ஒனக்கு?”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக் கல் லாரி போகும்போதெல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற கற்களைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். கடல் இங்கேயும் வந்து போயிருக்கிறது, யாரிடமும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

கப்பல் எப்படி ஓடுகிறது என்று அவன்தான் போனில் விளக்கினான். கப்பலின் முதலாளி ஒரு நாட்டுக்காரர். மீன் பிடிப்பதோ பக்கத்து நாட்டுக் கடலில். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதன்படி பக்கத்து நாடு இத்தனை வெளிநாட்டுக் கப்பலுக்கு என்று வருஷா வருஷம் லைசன்ஸ் கொடுக்கும். கரையிலிருந்து பன்னிரண்டு மைலுக்குள் மட்டும் போகக் கூடாது. அது அந்த ஊர்ச் சின்னப் படகுக்காரர்களின் இடம். கப்பல் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி ஒன்று மேலே பொருத்தியிருக்கும். “சில கேப்டனுங்க அதை அணைச்சுட்டு உள்ள பூந்துருவானுங்க” என்று சொல்லிச் சிரித்தான். “மத்தபடி நம்ம ஏரி மீன் குத்தகை மாதிரிதான்க்கா.”

ஏரி மீன் குத்தகை என்றதும் எனக்கு எல்லாமே விளங்கிவிட்டதாக ஒரு நினைப்பு. வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் நிலம், ஏரி சம்பந்தப்பட்டதெல்லாம் பசலியில் ஓடும். ஜூலையில் பிறந்து ஜூனில் முடிகிற வருஷம் அது. பசலி எண்ணோடு ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டினால் நாம் காலண்டரில் பார்க்கும் வருஷம் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கூட்டுவேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கூட்டுவேன்.

அன்றைக்கு முகூர்த்த நாள். ஆபீஸில் நிற்க இடமில்லை. ஒரு பாகப்பிரிவினைக்கு அண்ணன் தம்பி நாலு பேர் என்னைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது தம்பி கூப்பிட்டான்.

“அக்கா, வேலையா இருக்கியா?”

“இல்ல, படுத்துத் தூங்கிட்டிருக்கேன். சொல்லுடா.”

“கப்பலு துறைமுகத்துல நிக்குதுக்கா. நாளைக்குக் கெளம்புது. லைசன்ஸ் முடிஞ்சுபோச்சு, கேப்டன் மறைக்கிறாருன்னு இங்க பேசிக்கிறாங்க. நாலஞ்சு பேரு எறங்கிடலாம்னு பாக்கறாங்க. பேப்பரப் போட்டோ புடிச்சு அனுப்பிருக்கேன். நீ பாத்துச் சொல்லு.”

படத்தைத் திறந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. மேலே சின்னம், நடுவில் கட்டம், கீழே இரண்டு வரி. ஒரு வரியின் மேல் முத்திரை விழுந்து மங்கியிருந்தது. அடுத்த வரியில் ஒரு தேதி மட்டும் நமக்குத் தெரிந்த எண்ணில் தெளிவாக இருந்தது; கடைசி வரி என்பதால் அதுதான் முடிகிற தேதி. வருஷம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். பசலி என்று மனசு உடனே சொல்லிவிட்டது. பசலி பாதுஷாக்கள் காலத்தில் வந்தது என்று எங்கள் பத்திர எழுத்தர் சார் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அந்த ஊரிலும் அதே வழக்கம்தானே இருக்கும்? ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டினேன். இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. ‘வருஷா வருஷம்’ என்று அவன் சொன்னது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவே இல்லை.

“பேப்பரு சரியாத்தான்டா இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல கெடக்கு. நாலு பேரு நாலு சொல்லுவான், அதைக் கேட்டு வேலைய வுட்டுட்டு வந்து நிக்காத.”

“நல்லாப் பாத்தியாக்கா?”

“எங்கிட்டயேவா?”

“சரிக்கா. நீ சொன்னா சரி.”

போனை வைத்துவிட்டு அண்ணன் தம்பி நாலு பேர் பக்கம் திரும்பினேன். அவர்களுடைய பத்திரத்தில் ஒரு வரி மங்கியிருந்தால், மூலப்பத்திரம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்தத் தம்பிக்கு அரை நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

கப்பல் கிளம்பினால் இருபது, இருபத்தைந்து நாளைக்குப் போன் எடுக்காது. அது பழகியதுதான். ஐந்தாறு நாள் கழித்துத் தம்பி மனைவி, “அண்ணி, அவரு இருக்கற கப்பலோட பேப்பரு ஒண்ணு வூட்டுல இருக்கட்டுமே. ஒரு அவசரம்னா எந்தக் கப்பலுன்னாவது சொல்லலாம்ல” என்றாள். அவள் முந்திரி உடைக்கப் போகிறவள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கருத்திருக்கும். அதிகம் பேச மாட்டாள், பேசினால் அதில் ஒரு விஷயம் இருக்கும். ஆபீஸுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பாயிடம் போனைக் கொடுத்து, அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன்.

தாள் வெளியே வந்தது. பாய் எடுத்து நீட்டப் போனவர் நீட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது எந்தக் கப்பலுக்கா?”

“தம்பி இருக்கற கப்பலு பாய்.”

“இது முடிஞ்சுபோச்சே.”

“என்ன பாய் சொல்றீங்க, பத்து வருஷம் கெடக்கு. பசலிதானே? ஐநூத்தித் தொண்ணூறக் கூட்டிப் பாருங்க.”

எதற்கெடுத்தாலும் என்னைக் கிண்டல் செய்கிற மனுஷர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பி என் பக்கம் காட்டினார். “பசலி இல்லக்கா. ஹிஜிரி. எங்க வருஷக் கணக்கு. இந்தா பாருங்க, முஹர்ரம் பொறந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. புது வருஷம் ஓடுது. உங்க பேப்பர்ல இருக்கறது போன வருஷம்.”

கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அந்த எண் மாறிவிடப் போகிற மாதிரி. பாய் மெதுவாக, “துஆ செய்யறேன்க்கா. ஒண்ணும் ஆவாது” என்றார்.

போன் போட்டேன். அணைத்திருந்தது. ‘பேப்பர் முடிஞ்சுபோச்சு, அடுத்த கரையில் எறங்கிடு’ என்று அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அன்றிலிருந்து என் பிழைப்பு அந்த ஒற்றை டிக்கைப் பார்ப்பதாகிவிட்டது. பஸ்ஸில் பார்ப்பேன், உலை வைத்துவிட்டுப் பார்ப்பேன், பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் பார்ப்பேன். தாளைக் கொண்டுபோய்த் தம்பி மனைவியிடம் கொடுத்தபோது, அவள் அதை ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தாள். உன் புருஷனைப் போகச் சொன்னது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

கப்பல் கிளம்பிய பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, காலையில் ஆபீஸ் திறக்கிற நேரம். தெரியாத எண்ணிலிருந்து போன். அதே கப்பலில் சமையல்காரராக இருந்தவராம், நாகூர்ப் பக்கம் ஊர். இந்தத் தடவை கப்பலில் ஏறாமல் இறங்கி ஊருக்கு வந்துவிட்டாராம்.

“பத்திர ஆபீஸ்ல இருக்கற அக்கா நீங்கதானா?”

“ஆமா, சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: “அக்கா, கப்பலப் புடிச்சுட்டாங்கன்னு கம்பெனி ஆளு போன்ல சொன்னாரு. எல்லாரையும் கரைக்குக் கொண்டுபோயிருக்காங்க. ஒங்க நம்பர ஒங்க தம்பிதான் முன்னாடி குடுத்திருந்தாப்ல. பயப்படாதீங்க. எங்க மீனவர் சங்கத்துல ஒருத்தரு இதெல்லாம் பாக்கறவரு, அவர்ட்டப் பேசுங்க.”

சங்கத்துக்காரர் நிதானமாகப் பேசுகிற மனுஷர். எத்தனை வீட்டு அழுகையைக் கேட்டவரோ. முதல் கேள்வியே, “பன்னெண்டு மைலுக்கு உள்ள புடிச்சாங்களா, வெளிய புடிச்சாங்களாம்மா?” என்றார்.

“அதுல என்னங்க இருக்கு?”

“அதுலதாம்மா எல்லாம் இருக்கு. நாடுங்கள்லாம் சேந்து கையெழுத்துப் போட்ட கடல் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. பன்னெண்டு மைலுக்கு வெளிய, எரநூறு மைல் வரைக்கும், மீன் புடிக்க லைசன்ஸ் குடுக்கறதும் மறுக்கறதும் அந்த நாட்டோட உரிமை. லைசன்ஸ் இல்லாமப் புடிச்சா கப்பல வெச்சுக்கலாம், அபராதம் போடலாம். ஆனா மீன் புடிச்ச குத்தத்துக்காக மட்டும் ஆளுங்கள ஜெயில்ல போடக் கூடாது, நாடுங்களுக்குள்ள வேற மாதிரி பேசியிருந்தா ஒழிய. பன்னெண்டு மைலுக்கு உள்ளன்னா அது அவங்க மண்ணு மாதிரி. அங்க அவங்க சட்டம்தான். எத்தனை வருஷம்னு நான் சொல்ல முடியாது.” பிறகு கேட்டார்: “அந்தப் பெட்டி அணையாம இருந்துச்சான்னு தெரியுமா? இருந்தா எடம் அதுல பதிஞ்சிருக்கும். கேப்டன் அணைச்சு வெச்சிருந்தா, அவங்க சொல்றதுதான் எடம்.”

சில கேப்டனுங்க அணைச்சுட்டு உள்ள பூந்துருவானுங்க என்று தம்பி சிரித்தது காதில் கேட்டது. ஒரு சென்ட் நிலத்துக்கு வரப்பு ஓரம் நின்று வெட்டிக்கொள்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது கல் இருக்கிறது, சர்வேயர் வந்து சங்கிலி போட்டால் தெரிந்துவிடும். தண்ணீரில் யார் கோடு கிழித்தது? அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அடி விழுந்திருந்தால் என் தம்பி சிறையில், அந்தப் பக்கம் விழுந்திருந்தால் வீட்டில்.

பிடித்துவிட்டார்கள் என்பதை மட்டும் தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “உயிரோட இருக்காருல்ல?” என்றாள். இருக்கிறான் என்றேன். வேலைக்குப் போய்விட்டாள். நானும் ஆபீஸ் போனேன். அன்றைக்கு எழுதிய கிரயப் பத்திரத்தைச் சரிபார்த்த எங்கள் சார், கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, நம்ம ஊருக்குக் கடல் எப்ப வந்துச்சு?”

வாங்கிப் பார்த்தேன். கிழக்கே வண்டிப்பாதை என்று எழுத வேண்டிய இடத்தில் கிழக்கே கடல் என்று எழுதியிருந்தேன். இருபது வருஷத்தில் நான் எழுதிய முதல் தப்பு இதுதான் என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போகலாம் என்று தம்பி மனைவி கூப்பிட்டாள். அவள் பிறந்த வீட்டில் விளைச்சலில் முதல் படி அந்தப் பெருமாளுக்குத்தான். இந்தத் தடவை ஒரு மூட்டையே தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். சன்னதியில் கம்பமாக நிற்கிற பெருமாளுக்கு முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. நடந்து முடிந்துவிட்ட ஒன்றை, பன்னிரண்டு மைலுக்கு வெளியே நடந்ததாக ஆக்கு என்றா கேட்பது? கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றேன். தீபத்தட்டு வந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றது கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்றோம். உச்சி வெயில். அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “அண்ணி, நீங்க என்னமோ மறைக்கிறீங்க.”

“பயம்மா. வேற ஒண்ணுமில்ல.”

“அவரு பொண்டாட்டி நான். என்னைவிட நீங்க ஏன் அதிகமாப் பயப்படுறீங்க?”

அப்போது போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண்.

“அக்கா, நாந்தான்.”

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, ஒன்றும் கேட்கவில்லை நான். “உள்ளயா வெளியவாடா?” என்றேன்.

“என்னக்கா?”

“பன்னெண்டு மைலுக்கு உள்ளயா புடிச்சாங்க, வெளியவா?”

“வெளியக்கா. பதிமூணு சொச்சம். பெட்டி அணையாம இருந்துச்சு, அதுல எடம் பதிஞ்சிருக்கு. ஆளுங்கள ஊருக்கு அனுப்பிடறாங்களாம், கப்பலத்தான் வெச்சுக்கறாங்க. மறுநாள்தான்க்கா அதை அணைச்சுட்டு உள்ள போறதா இருந்தாங்க.”

போனை அவளிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் தள்ளிப் பிடித்திருந்தால் கதை வேறு. ஊருக்கு அனுப்புகிறார்கள் என்ற சந்தோஷம் எனக்குள் போகவே இல்லை, அந்த மறுநாள்தான் கண் முன்னால் நின்றது.

மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தான். இளைத்து, தாடியோடு. வந்த மத்தியானம் தம்பி மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, ஐயோ மீன் வாடையாச்சே என்று தயங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டான். அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வேளை தள்ளினால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“அது பசலி இல்லடா. ஹிஜிரி. நான் தப்பாக் கூட்டிட்டேன். நீ ஏறினது என்னாலதான்.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவன் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்க்கா.”

“எப்ப? நான் அனுப்புனதப் பாத்தியா?”

“அதுக்கு முன்னாடியே. ஒனக்குப் போன் பண்ணாரே சமையல்காரரு, அவரு துறைமுகத்துலயே சொன்னாரு, இது ஹிஜிரி, முடிஞ்சுபோச்சு, எல்லாரும் எறங்கிடுங்கன்னு. எறங்கறதாத்தான் எல்லாரும் மூட்டையக் கட்டுனாங்க. நான்தான், எங்க அக்கா இருவது வருஷமாப் பத்திரம் படிக்கறவ, அவளவிட ஒனக்குத் தெரியுமான்னு அவரு சட்டையப் புடிச்சுட்டேன். மத்தவங்க என் பேச்ச நம்பி ஏறிட்டாங்க. அவரு மட்டும் எறங்கிப் போயிட்டாரு.”

பத்திர ஆபீஸ் அக்கா நீங்கதானா என்று கேட்டுவிட்டு அந்த மனுஷர் சும்மா இருந்த கொஞ்ச நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை அவர். தம்பி மனைவி என் தட்டிலும் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் என்னோடு சரியாகப் பேச ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அது நியாயம்தான்.

இப்போதெல்லாம் ஆபீஸில் யாராவது பத்திரத்தை நீட்டினால் எங்கள் சாரிடம் கைகாட்டிவிடுகிறேன். தேதி என்று வந்தால் மூன்று பேரைக் கேட்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் தம்பி வெளியே போய்விட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மேலே ஒரு சின்னம், நடுவில் கட்டம், கீழே இரண்டு வரி.

“வேற கம்பெனிக்கா. இது நல்ல கப்பலாம். லைசன்ஸ் காப்பிய முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன். நீ ஒரு தடவ பாத்துச் சொல்லிடு, ஏறிடறேன்.”

அடுப்படி வாசலில் அவன் மனைவி வந்து நின்றாள். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அவன் நீட்டிய கையை மடக்கவே இல்லை.